கிளவுட் சென்சார் எப்பவும் மேகம்னே காட்டுது, உதவி ப்ளீஸ்

மாடிவானம்:
டெலஸ்கோப் ஷெட் கூரை தானா மூடுறதுக்கு ஐஆர் சென்சார் (இன்ஃப்ராரெட் வச்சு தொடாமலே சூட்டை அளக்குறது) வச்சு ஒண்ணு பண்ணேன். நேத்து நட்சத்திரம் பளிச்சுன்னு தெரியுது, இது மட்டும் மேகம் மேகம்னே சொல்லுது, ப்ரோகிராம் கோடு சரியாதான் இருக்கு. சனிக்கிழமைக்குள்ள முடிக்கணும், சீக்கிரம் யாராச்சும்

சோல்டர்மாமா:
என்ன சென்சார்? என்ன போர்டு? வயர் எவ்ளோ நீளம்? டேட்டா வயர்ல வோல்டேஜைத் தூக்கி வைக்கிற புல்அப் ரெசிஸ்டர் போட்டீங்களா? அதுவாத்தான் இருக்கும்.

பழையகை:
தம்பி, கேக்குறதுக்கு முன்னாடி டேட்டாஷீட்டைப் படிங்க. யாரும் படிக்கிறதே இல்ல இப்பல்லாம்.

ரெண்டாம்பிறை:
கம்ப்யூட்டர்ல சீரியல் மானிட்டர்ல என்ன நம்பர் வருது? வானம், சென்சாரோட சொந்த டெம்பரேச்சர், ரெண்டும் போடுங்க. எந்த ஊரு?

மாடிவானம்:
சென்சார் எம்எல்எக்ஸ்90614, போர்டு ஈஎஸ்பி32, ஊரு சென்னை. வானம் 27.1, சென்சார் 28.3. மேகம் இல்லாத வானம் குளிரா தெரியும்ல, அதனால சென்சாரை விட வானம் 20 டிகிரி கம்மியா வந்தா தெளிவுன்னு கோடுல இருக்கு

சோல்டர்மாமா:
புல்அப்தான்.

ரெண்டாம்பிறை:
அதுன்னா நம்பரே வராது மாமா, இல்ல கண்டபடி வரும். சென்சார் மேல என்ன மூடி?

மாடிவானம்:
மழைக்காக மைக்ரோஸ்கோப் ஸ்லைடு ஒட்டிருக்கேன். சுத்தமான கண்ணாடி, நல்லா தெரியும்

ரெண்டாம்பிறை:
நம்ம கண்ணுக்குத் தெரியும், அதுக்குத் தெரியாது. இது பாக்குறது 5.5ல இருந்து 14 மைக்ரான் அலைநீள இன்ஃப்ராரெட், அதுக்குக் கண்ணாடி வெறும் சுவர். நீங்க அளந்துட்டு இருக்கிறது கண்ணாடியோட சூட்டைத்தான், அதான் ரெண்டு நம்பரும் ஒட்டிக்கிட்டு நிக்குது. எடுத்துட்டு பாருங்க. மூடி வேணும்னா மெல்லிசா சரசரன்னு சத்தம் போடுமே அந்த பாலிதீன் கவர், வெயில்ல நொறுங்கிடும், அப்பப்ப மாத்தணும். அப்புறம் அந்த 20, வறண்ட ஊருக்காரங்க வச்ச கணக்கு. கடலோரத்துல காத்துல இருக்கிற நீராவியே இன்ஃப்ராரெட் விடும், தெளிவான வானமும் சூடாத்தான் தெரியும். தெளிஞ்ச ராத்திரி, மேகம் மூடின ராத்திரி ரெண்டுலயும் லாக் எடுத்து நடுவுல ஒரு எண் வைங்க.

குட்டிடாப்:
அக்ரிலிக் போட்டா?

பழையகை:
அதுவும் அடைக்கும். வானம் முழுசையும் படம் எடுக்கிற ஆல்ஸ்கை கேமரா ஒண்ணு மாட்டினா இந்தத் தொல்லையே இல்ல.

ரெண்டாம்பிறை:
விடிய விடிய யார் சார் படம் பாத்துட்டு உக்காருறது?

பழையகை:
நட்சத்திரத்தை எண்ணுறதுக்கு சாஃப்ட்வேர் இருக்கு. உலகம் தெரியாம பேசக்கூடாது.

குட்டிடாப்:
நிலா வெளிச்சத்துல, தெரு லைட்டுல அந்த எண்ணிக்கை என்ன ஆகும்? ஐஆருக்கு பௌர்ணமியும் ஒண்ணுதான், அமாவாசையும் ஒண்ணுதான்.

பழையகை:
வச்சுப் பாத்துட்டுப் பேசுங்க.

மாடிவானம்:
ஸ்லைடு எடுத்தாச்சு. வானம் 14, சென்சார் 28. தேங்க்ஸ்

ரெண்டாம்பிறை:
உங்களுது 90 டிகிரி கோணத்துக்கு அகலமா பாக்குற மாடலா? பக்கத்துல தண்ணி டேங்க், சுவர் இருந்தா அந்தச் சூடும் சேந்துடும். மழை சென்சார் தனியா வைங்க, இதை மட்டும் நம்பி கூரையைத் திறக்காதீங்க.

சோல்டர்மாமா:
புல்அப் போட்டீங்களா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே?