நிலாவெளி முகாமில் இடி வந்த பின்னேரம்

சித்திரை விடுமுறையில் திருகோணமலையின் நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் நடந்த இளைஞர் முகாம் ஒன்றுக்கு உதவிப் பொறுப்பாளராகப் போயிருந்தேன். பெற்றோர் எல்லோரும் விசாரித்தது கடலைப் பற்றித்தான். எங்களை ஓட வைத்தது இடி.

பின்னேரம் பிள்ளைகள் கடற்கரையில் கரப்பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மேற்கே கறுத்து, ஒரு மின்னல். எங்கள் தலைமைப் பொறுப்பாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர், இடி கேட்கும்வரை நொடிகளை உடனே எண்ணத் தொடங்கினார். இருபதைத் தாண்டுவதற்குள் இடி கேட்டது. முப்பதுக்குள் கேட்டாலே ஒதுங்கிவிட வேண்டும். முப்பது நொடி என்றால் மின்னல் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தூரத்தில். மழைத்துளி விழாத இடத்திலும் அது விழும்.

மூன்று விசில். சிலர் பனைமரத்தடிக்கும் சிலர் கூடாரத்துக்கும் ஓடப் பார்த்தார்கள். இரண்டுமே ஆகாது. பக்கத்துப் பாடசாலைக் கட்டிடம் முதல் நாளே பேசி வைத்த இடம், அங்கே கொண்டுபோனோம். பிள்ளைகளை இருவர் இருவராகச் சோடி சேர்த்திருந்தோம்; உள்ளே போனதும் ஒவ்வொருவரும் தன் சோடியின் பெயரைச் சொல்ல வேண்டும். ஒரு சின்னவன் மட்டும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். "சேர், அவன் செருப்பு எடுக்கப் போனவன்." எங்கே போனான் என்று சோடிக்குத் தெரிந்திருந்ததால் தேடி அலையாமல் உடனே கூட்டிவர முடிந்தது. வெறுமனே தலையை எண்ணியிருந்தால் ஒருவர் குறைகிறார் என்பது மட்டும்தான் தெரிந்திருக்கும்.

அப்புறம்தான் கஷ்டமான பகுதி. மழை விட்டதும் "சேர், வெயில் வந்திட்டுது" என்று கெஞ்சல். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் போக வேண்டும். இடையில் ஒன்று முழங்கினால் மறுபடி முதலிலிருந்து. சேர் அசையவே இல்லை. அவர் மீது எனக்கு இருந்த மரியாதை இன்னும் கூடியது.

அன்றிரவு சுனாமிப் பேச்சும் வந்தது. 2004 டிசம்பர் 26 காலை ஏழு மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணித்தியாலமளவு ஆனது. அந்த நேரத்தில் எச்சரிக்கை வரவில்லை. கடல் உள்வாங்கினால் பார்க்கப் போகாமல் உள்பக்கம் ஓட வேண்டும் என்பதைச் சொன்னதோடு விடாமல், மறுநாள் காலை அந்த வழியில் பிள்ளைகளை நடத்தியே கூட்டிப்போனோம்.

சமையலறைக் கதவில் 1990 (அம்புலன்ஸ்), 119 (பொலிஸ்), 117 (அனர்த்த முகாமைத்துவ நிலையம்) எண்களுக்குக் கீழே முகாம் இருக்கும் ஒழுங்கையின் அடையாளத்தையும் எழுதி ஒட்டியிருந்தோம். பதற்றத்தில் அம்புலன்சுக்கு வழி சொல்ல வாய் வராது.

பிள்ளையை முகாமுக்கு அனுப்பும் பெற்றோர், இடி வந்தால் எந்தக் கட்டிடத்துக்குக் கூட்டிப்போவீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள். பதிலில் ஒரு கட்டிடத்தின் பெயர் வர வேண்டும்.