சுண்ணாம்புச் சுவர் வீட்டுக்காரர்களே, உங்கள் கதையையும் சொல்லுங்கள்

தாழ்வாரத்தான்:

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் எங்கள் வீடு. கிழக்கே பிரெஞ்சுக்காரர்கள் தெருவை ஒட்டி உயரமான மதில் எழுப்பி, கதவைச் சாத்திக்கொண்டு வாழ்ந்தார்கள். நம் பக்கம் நேர்மாறு. தெருவோரம் மரத்தூண் நிறுத்தி ஓடு சரித்த தாழ்வாரம், அது வழிப்போக்கருக்கு. அடுத்து திண்ணை, அது தெரிந்தவருக்கு. அப்புறம்தான் வாசற்கதவு. சிறு வயதில் நான் மழை பார்த்ததெல்லாம் அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்துதான்.

2009இல் வடக்குச் சுவரில் ஈரம் ஏறியது, முழங்கால் உயரத்துக்கு. ஓர் ஒப்பந்தக்காரர் வந்து பார்த்தார். "சுண்ணாம்பு செத்துப்போய்விட்டது சார்" என்றார். மூன்றே நாளில் பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, வழவழவென்று சிமென்ட் பூசி, மேலே பெயின்ட்டும் அடித்துக் கொடுத்துவிட்டார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு வந்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டுபோய்ச் சுவரைத் தடவிப் பார்க்கச் சொன்னார்.

மூன்று ஐப்பசி தாங்கியது. பிறகு பெயின்ட் அம்மை போட்டதுபோல் கொப்பளித்தது, உப்புப் பூத்தது. முழங்காலில் நின்ற ஈரம் இடுப்புக்கு வந்துவிட்டது. ஓரிடத்தில் சிமென்ட்டைப் பெயர்த்துப் பார்த்தால், உள்ளே செங்கல் விரல் பட்டாலே ரவையாக உதிர்கிறது. வில்லியனூர்ப் பக்கமிருந்து ஒரு பெரியவரைக் கூட்டி வந்தேன். கரணைப் பிடியால் சுவரை நாலு இடத்தில் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். "சுவருக்கு மழைக்கோட்டு மாட்டிவிட்டீர்கள் தம்பி, உள்ளே வியர்த்து ஊறிப்போய் நிற்கிறது" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுவிடும். போகும்போது உப்பு பூச்சை அரிக்கும், பூச்சு உதிரும், பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை பூச வேண்டியிருக்கும். சிமென்ட் வழி விடாது. உப்பு உள்ளேயே தங்கிச் செங்கல்லைத் தின்னும். உதிர்வதுதான் பூச்சின் வேலையே என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. உங்கள் வீடுகளில் என்ன நடந்தது?

கொத்தனார் மகள்:

அண்ணா, அந்தப் பெரியவர் சொன்னதை என் அப்பா வேறு மாதிரி சொல்வார்: "பூச்சு வேலைக்காரன், செங்கல் எஜமான். வேலைக்காரன் சாகலாம், எஜமான் சாகக் கூடாது." அப்பாவின் அரசியல் எனக்குப் பிடிக்காது, ஆனால் விஷயம் சரி.

எங்கள் வீட்டின் பின்புறம் ஒரு பள்ளத்தில் கிளிஞ்சல் சுண்ணாம்பு எப்போதும் ஊறிக்கொண்டிருக்கும். நீற்றும்போது தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், எங்களை அண்டவே விடமாட்டார். தனியாக ஒரு பானையில் இடித்த கடுக்காயும் வெல்லமும் ஊறும். ஒரு வாரத்தில் அது புளித்து எழுப்பும் வாடை இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணே ஒருநாள் கேட்டுவிட்டாள். சட்டையிலெல்லாம் அதுதான்.

சுவரைவிட மாடிதான் பெரிய வேலை. மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். தேக்கு உத்திரம், அதன்மேல் சட்டங்கள், அவற்றின்மேல் ஓர் அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டாக வரிசை பிடித்துச் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டே போக வேண்டும். அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டிய பிறகு பெண்களின் முறை. அம்மாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் வரிசையாகக் குந்தி, கையில் தட்டுக்கட்டையுடன், கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்து நாள்கணக்காகத் தட்டுவார்கள். கட்டை புதைந்தால் வேலை முடியவில்லை. துள்ளி எழுந்தால் முடிந்தது. இதற்கு எந்தக் கருவியும் இல்லை, அம்மாவின் மணிக்கட்டுதான் கணக்கு.

இப்போது வீட்டுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பத்து நாளில் முடியுமா?" சுண்ணாம்பு காற்றைக் குடித்து மெல்ல மெல்லக் கல்லாக வேண்டும். பத்து நாளில் அதற்கு ஈரமே காயாது. கூலியும் அப்படித்தான்: கான்கிரீட் போடுகிறவருக்குக் கிடைப்பதைவிட அப்பாவுக்கு எப்போதும் குறைவு. என் தம்பி இப்போது டைல்ஸ் ஒட்டுகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சொல்தா பேரன்:

நான் வெளியூரில் இருக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம்: பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். தாத்தா அப்படி ஒருவர். அவருக்குக் கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம்தான் ஊரின் நடு. (மாதாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நகராட்சி மன்றத்துக்கான பிரெஞ்சுச் சொல், நம் வாயில் மேரி ஆகிவிட்டது. வழி கேட்கும் சுற்றுலாப் பயணிகளைச் சிலர் தேவாலயத்துக்கு அனுப்பிவைப்பதை நானே பார்த்திருக்கிறேன்.)

2014 நவம்பர் 29, சனிக்கிழமை, மழையில் அது இடிந்து விழுந்தது. 1870களில் எழுந்த கட்டடம். அந்த வாரம் நான் ஊரில் இருந்தேன். ஞாயிறு காலை தாத்தாவைக் கைப்பிடித்து அழைத்துப் போனேன். தடுப்புக்கு இப்பால் நின்று பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. திரும்பும்போது மட்டும், "கல்யாணத்துக்குக் கையெழுத்துப் போட்டது அங்கேதான்" என்றார், வலக்கையை லேசாக அசைத்துக்கொண்டே. அந்தக் கட்டடம் பலவீனமாக இருந்தது ஊருக்கே தெரியும். தெரிந்தும் வருடக்கணக்காக எல்லோரும் அதன் முன்னால் நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டோம், நானும்தான்.

பிறகு உலக வங்கி உதவியோடு அதே தோற்றத்தில் திரும்பக் கட்டினார்கள். 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். அழகாகவே இருக்கிறது. ஆனால் தாத்தா கையெழுத்துப் போட்ட கட்டடம் என்று என் மகளிடம் சொல்ல எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது.

வாய்க்கால் ஓரம்:

சொல்தா பேரன் தம்பிக்கு: அந்த இடத்தில் ஓர் ஓட்டல் எழுந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எனக்கு இந்தப் புதிய மேரி போதும்.

நீங்கள் எல்லோரும் சுவரைப் பேசுகிறீர்கள், நான் தண்ணீரைப் பேசுகிறேன். என் வீடு பெரிய வாய்க்காலைப் பார்த்த வீடு. மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுக்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள், வாய்க்காலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மழைநீர் வடிவதற்கான வாய்க்கால் அது. ஒரு கார்த்திகை மாதம், விடிய விடியப் பெய்த மழைக்குப் பிறகு, துப்புரவுத் தொழிலாளி ஒருவர் நீளக் கொக்கியால் அடைப்பை எடுத்தார். நான் எண்ணிக்கொண்டே நின்றேன்: ஒரு மெத்தை, தென்னை மட்டைகள், ஹெல்மெட் ஒன்று, கட்டட இடிபாடு நிரப்பிய சாக்குகள் நாலு. சாக்கு ஒன்று கிழிந்து செங்கல் கொட்டியது. மெல்லிய, பழைய காலத்துச் செங்கல். எந்த வீட்டு மாடியோ.

பாரதி பூங்காவின் நடுவில் வெள்ளையாக நிற்கும் ஆயி மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள், புதுச்சேரி அரசின் சின்னத்திலும் அதுதான். கதை தெரியுமா? ஆயி ஒரு தாசி. அவள் வீட்டின் அழகைக் கண்டு கோயில் என்று நினைத்துக் கிருஷ்ணதேவராயர் கும்பிட்டுவிட்டாராம். உண்மை தெரிந்ததும் இடிக்கச் சொன்னார். நானே இடிக்கிறேன் என்று அனுமதி கேட்டு, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாளாம். பின்னாளில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் வந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் பெயரில் மண்டபம் கட்டினார்கள். ஒரு வீடு போய்த் தண்ணீர் வந்த கதை. இப்போது வீடும் போகிறது, தண்ணீர் போகும் வழியும் அடைபடுகிறது.

தாழ்வாரத்தான்:

கொத்தனார் மகள் தங்கைக்கு நன்றி. தட்டுக்கட்டை எங்கள் பரணில் ஒன்று கிடக்கிறது. எதற்கென்றே தெரியாமல் அதை வைத்துப் பூரி மாவு தட்டியிருக்கிறோம்.

வைசியாள் வீதியில் அடுத்தடுத்த வீடுகளின் முகப்பையும் தாழ்வாரத்தையும் சேர்த்துச் சீராக்கியதற்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்ததே, அதைக் காட்டித்தான் வீட்டில் எல்லோரையும் இணங்கவைக்கப் பார்த்தேன். எங்களுக்குப் பாகஸ்தர்கள் ஐந்து பேர், ஒருவர் பாரிசில். "விருது இருக்கட்டும், சதுர அடி என்ன போகிறது?" என்று கேட்டார் அண்ணன். நியாயமான கேள்வி. அவருடைய மகள் படிப்புக்கு அவர் யாரைக் கேட்பார்? விற்காமல் இருப்பதற்கு நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. செய்யும்வரை வீடு நிற்க வேண்டுமே என்று வடக்குச் சுவரை மட்டும் பெரியவரிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

சிமென்ட் முழுவதும் கொத்தி எடுத்தாயிற்று. சுவர் இப்போது தோலுரித்த கோழிபோல் நிற்கிறது. காயட்டும், பொங்கல் கழித்துப் பூசலாம் என்கிறார். தினமும் காலையில் அப்பா போய்ச் செங்கல்லில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். நேற்று இடுப்பளவில் காய்ந்திருந்ததாம்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு மட்டும் பெரியவர் சொல்லும் தரத்தில் கிடைக்கவில்லை. மரக்காணம் பக்கமோ கடலூர்ப் பக்கமோ சூளை வைத்திருப்பவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். பத்து மூட்டை வேண்டும்.