டைட்ரேஷனில் கன்கார்டன்ட் ரீடிங் (ஒன்றோடொன்று ஒத்துவரும் அளவு) வராமல் மாட்டிய அனுபவம் உண்டா?

மோர் உப்பு:
பிளஸ் டூ பிராக்டிகல். பிப்பெட்டால் (உறிஞ்சி அளக்கும் குழாய்) 20 மில்லி எடுத்து, பியூரெட்டிலிருந்து (கோடு போட்ட, சொட்டுச் சொட்டாக விடும் குழாய்) பெர்மாங்கனேட் விடணும்; நிறம் மாறும்வரை எத்தனை மில்லி இறங்கியதோ அதுதான் ரீடிங். பக்கத்து மேஜைப் பையனுக்கு முதல் ரீடிங் 18.4, அடுத்தது 18.7. மூன்றாவது போடவேயில்லை. பேனாவை எடுத்து 18.7ஐ அடித்துவிட்டு 18.4, 18.4 என்று எழுதினான். எக்ஸ்டர்னல் பார்த்து, "வெரிகுட், கன்கார்டன்ட்" என்று டிக் போட்டார். எனக்கு 18.5, 18.6, 18.5. "கை நடுங்குதா தம்பி?" என்றார். பியூரெட்டில் கோடே 0.1க்கு ஒன்றுதான், ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லி. இரண்டு சொட்டு வித்தியாசத்துக்குக் கை எதற்கு நடுங்கணும்? அந்த டிக் இன்னும் உறுத்துகிறது.

நொய்யல் கரை:
தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கடினத்தன்மையை அளக்க, நிறம் நீலமாகும்வரை இடிடிஏ என்ற கரைசலை விடுவோம். ஒரே பாட்டில் தண்ணீர், எனக்கு ஒரு ரீடிங், கூட இருந்த அக்காவுக்கு எப்போதும் என்னைவிடக் கொஞ்சம் அதிகம். ஒருநாள் நடுவில் கரண்ட் போனது. நான் 'நீலம் வந்தாச்சு' என்று நிறுத்திய குடுவையை அக்கா ஜன்னலோரம் தூக்கிக்கொண்டு போனார். பகல் வெளிச்சத்தில் அப்பட்டமாக ஊதா! டியூப்லைட்டை நம்பி எத்தனை ரிப்போர்ட் போயிருக்குமோ. அதனால்தான் சொல்கிறேன், நிறைய தடவை செய்து சராசரி எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்.

பழைய டெமான்ஸ்ட்ரேட்டர்:
நொய்யல் கரை, உங்கள் கதையே உங்கள் முடிவுக்கு எதிராக இருக்கிறதே! நீங்கள் எப்போதும் சீக்கிரம் நிறுத்துகிறீர்கள். நூறு தடவை செய்தாலும் நூறும் ஒரே பக்கம்தான் சாயும். சராசரி அடக்குவது மேலும் கீழுமாகச் சிதறும் பிழையை மட்டும். அதுவும் மெதுவாக: நாலு மடங்கு ரீடிங் எடுத்தால்தான் சராசரியின் தடுமாற்றம் பாதியாகும்.

இயற்பியலாளர் ரேலே காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜனையும் சேர்மங்களிலிருந்து எடுத்ததையும் ஒரே கோளத்தில் நிரப்பி எடை போட்டார். முன்னது சுமார் 2.310 கிராம், பின்னது 2.299. ஒவ்வொரு வகைக்குள்ளும் சிதறல் இதைவிட மிகக் குறைவு என்பதால்தான் அந்த 11 மில்லிகிராம் அவரைத் தூங்கவிடவில்லை. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தால் 1894இல் வேதியியலாளர் ராம்சேயும் அவரும் காற்றில் மறைந்திருந்த ஆர்கான் வாயுவைக் கண்டுபிடித்திருப்பார்களா?

அப்புறம், பிராக்டிகல் போகும் பிள்ளைகள் கவனிக்க. பியூரெட்டை அதில் ஊற்றப்போகும் கரைசலாலேயே அலசுங்கள். நுனியில் காற்றுக்குமிழி இருந்தால் முதல் ரீடிங் மட்டும் கூடிவிடும், அதை முதலில் வெளியேற்றுங்கள். புனலை எடுத்துவிடுங்கள், சொட்டும். பெர்மாங்கனேட் அடர்நிறம், அதனால் திரவ வளைவின் மேல்விளிம்பைப் படியுங்கள், கண்ணை அதே மட்டத்தில் வைத்து. பிப்பெட்டில் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளாதீர்கள். கீழே வெள்ளை டைல். கரைசல் பழுப்பானால் அமிலம் போதவில்லை, கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

என் அனுபவமா? நுனி உடைந்த பிப்பெட்டால் ஒரு மேஜை முழுக்க அழகாக ஒத்துவந்த தப்பான ரீடிங். அவ்வளவுதான்.

மதிய பேட்ச்:
சார், பிள்ளைகள் யாரும் கேட்கவேயில்லையே! மோர் உப்பு, அந்தப் பையன் மட்டும் என்ன செய்வான்? எங்கள் பள்ளியில் காலை பேட்ச் வெளியே வரும்போதே 'பதினெட்டரை' என்று கிசுகிசுத்துவிட்டுப் போவார்கள். ஒரு வருஷம் இடைவேளையில் லேப் அண்ணா கரைசலைப் புதிதாகக் கலக்கி வைத்துவிட்டார். மதியம் அத்தனை பேரும் 18.5தான் எழுதினோம். ஒரே ஒரு பெண் 16.9. எல்லோரும் திரும்பிப் பார்த்ததில் அவள் அழுதேவிட்டாள். கரைசல் மாறிய விஷயம் சாயங்காலம்தான் தெரிந்தது.

மோர் உப்பு:
அவள் தாளில் எத்தனை ரீடிங் இருந்தது, ஞாபகம் இருக்கா?

மதிய பேட்ச்:
மூன்று. 17.1, 16.9, 16.9. முதலாவதை அடிக்காமல் அப்படியே விட்டிருந்தாள்.