கழுத்து வழியாகச் செலுத்தும் குழாயால் இதயத்துக்கே கெடுதல் நேருமா?

கேள்வி:
என் தந்தைக்கு வயது 68. வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்திற்காக அவருக்கு அடுத்த வாரம் அறுவை சிகிச்சை செய்ய இருக்கிறார்கள். இரத்த ஓட்டத்தைக் கண்காணிக்கக் கழுத்தில் ஒரு குழாய் போடுவோம் என்று மயக்க மருந்து நிபுணர் சொன்னார். ஸ்வான்-கான்ஸ் கதீட்டர் (இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரல் தமனி வரை செலுத்தும் குழாய்) போடப்பட்டவர்களுக்கு அறுவைக்குப் பின் இதயச் சிக்கல்கள் பல மடங்கு மிகுதியாக இருந்தன என்று படித்ததிலிருந்து கலக்கமாக இருக்கிறது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் என்ன கேட்க வேண்டும்? அவருடைய இசிஜியில் எல்பிபிபி (இதயத்தின் இடது மின்பாதைத் தடை) என்று எழுதியிருக்கிறது.

பதில் 1 (மயக்கவியல் மருத்துவர்):
ஐயா, நீங்கள் படித்தது 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வைப் பற்றியதாக இருக்கலாம். இதயம் சாராத பெரிய அறுவைகளுக்கு உள்ளான 4,059 பேரில், இக்குழாய் போடப்பட்ட 221 பேரில் 15.4 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 3.6 சதவீதத்தினருக்கும் பெரிய இதயச் சிக்கல் ஏற்பட்டது. ஆனால் யாருக்குப் போடுவது என்று தீர்மானித்தவர்கள் மருத்துவர்களே. கவலைக்குரிய நிலையில் இருந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். ஒத்த நிலையில் இருந்தவர்களை இணைசேர்த்து ஒப்பிட்ட பிறகும் இதயச் செயலிழப்பு மிகுதியாகவே இருந்தது என்றாலும், அவ்வகை ஒப்பீடு எல்லா வேறுபாட்டையும் நீக்கிவிடாது. 2003இல் வெளியான கனடா ஆய்விலோ, 60 வயதும் அதற்கு மேலும் ஆன 1,994 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். மருத்துவமனையில் இறந்தவர்கள் குழாய் போட்ட பிரிவில் 7.8 சதவீதம், போடாத பிரிவில் 7.7 சதவீதம். நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்தது முதல் பிரிவில் 8 பேருக்கு, மற்றதில் ஒருவருக்கும் இல்லை. உயிரைக் காப்பதில் கூடுதல் பலன் தராத ஒன்றை எல்லோருக்கும் வழக்கமாகப் போடத் தேவையில்லை என்பது என் கருத்து.

பதில் 2 (தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்):
எனக்கு முதலில் உறுத்தியது எல்பிபிபிதான். நுனியில் 1.5 மில்லி காற்று ஊதிய பலூனோடு குழாய் வலது கீழறைக்குள் நுழைந்ததும் மானிட்டரில் அழுத்த அலை சட்டென உயர்ந்து எழும். கூடவே இசிஜியில் அகன்ற துடிப்புகள் இரண்டு மூன்று ஓடும். பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். ஆனால் குழாய் உரசி வலது மின்பாதையும் சற்று நேரம் தடைபட்டால், இடது பாதை ஏற்கெனவே அடைபட்டவருக்கு இதயத் துடிப்பே நின்றுவிடக்கூடும். அதனால் அத்தகையவர்களுக்கு மார்பில் பேஸிங் பட்டைகளை (வெளியிலிருந்து மின்தூண்டலால் இதயத்தைத் துடிக்கவைப்பவை) ஒட்டிய பிறகே நாங்கள் தொடங்குவோம். மேலும், கழுத்தில் போடும் குழாய் எல்லாம் ஸ்வான்-கான்ஸ் அல்ல. சிவிபி லைன் (மையச் சிரை அழுத்தத்தை அளக்கும் குழாய்) என்றால் அதன் நுனி இதயத்துக்கு வெளியே பெருஞ்சிரையிலேயே நின்றுவிடும். எது என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இன்று கேட்டேன். சிவிபி லைனும் மணிக்கட்டில் இரத்த அழுத்தம் அளக்கத் தமனிக்குள் போடும் ஆர்ட்டீரியல் லைனும் மட்டும்தானாம். தேவைப்பட்டால் உணவுக்குழாய் வழியாக எக்கோ பார்ப்பார்களாம். எல்பிபிபி பற்றி நான் சொன்னதும் மருத்துவர் கோப்பைத் திறந்து இசிஜியை மறுபடியும் எடுத்துப் பார்த்தார்.