வைத்தியம் இலவசம், பிறகும் ஏழைகளைத்தானே நோய் அதிகம் படுத்துகிறது?

ட்ரியோலே வாசகர்: மொரிசியஸில் அரசு மருத்துவமனைக்குப் போனால் டாக்டர், மருந்து, ஆபரேஷன் எல்லாம் இலவசம். ஆனாலும் சர்க்கரை நோய் முற்றி, காலில் புண்ணோடு வருகிறவர்களில் கூலிவேலைக்காரர்களே அதிகம் தெரிகிறார்கள். கோவில் கூட்டத்தில் இதைப் பேச வேண்டும். என்ன சொல்லலாம்?

கண்டோஸ் அண்ணா: லண்டன் அரசு ஊழியர்களிடம் 1967இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்விலிருந்து ஆரம்பியுங்கள். எல்லோருக்கும் நிரந்தர வேலை, ஒரே இலவச மருத்துவம். அப்படியிருந்தும் கடைநிலை ஆண்கள் இதயநோயால் இறந்தது, உயர்பதவிக்காரர்களைப் போல மூன்று மடங்குக்கும் மேல். சிகரெட், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் மூன்றையும் கணக்கில் சேர்த்தும் வித்தியாசத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஆக, வைத்தியம் இலவசம் என்பது மட்டும் போதாது. நம் ஊர் நாள்கூலிக்காரருக்கு ஒரு காலை வரிசையில் நின்றால் அன்றைய சம்பளம் போச்சு. அதனால் மாத்திரை தீர்ந்தாலும் "அடுத்த வாரம் போகலாம்" என்று தள்ளுவார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மோக்கா அக்கா: நம் ஊர் உதாரணமே இருக்கிறதே, அண்ணா! 1987இல் ரேஷன் எண்ணெயைப் பாமாயிலிலிருந்து சோயாவுக்கு அரசு மாற்றியது. 1987க்கும் 1992க்கும் இடையில் மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5லிருந்து 4.7 மில்லிமோலாக இறங்கியது. எண்ணெய்க்கு அதில் கணிசமான பங்கு. யாருக்கும் புத்திமதி சொல்லாமலே ஏழை வீட்டு வாணலி வரை மாற்றம் போய்ச் சேர்ந்தது. இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

ட்ரியோலே வாசகர்: நன்றி. கால் விஷயத்துக்கு?

கண்டோஸ் அண்ணா: சர்க்கரை நோயில் கால் நரம்பு மரத்துப்போனால் வலி தெரியாது. கரும்புக்காட்டில் பூட்ஸுக்குள் ஒரு சிறு கல் கிடந்தாலும் நாள் முழுக்க நடப்பார்கள். தோல் கிழிந்து, சீழ் வைத்த பிறகுதான் தெரியும். பூட்ஸ் போடும்முன் உள்ளே கைவிட்டுத் தடவ வேண்டும். இரவில் கால் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் குதிகாலுக்குத்தான், விரலிடுக்கில் கூடாது. புண் தெரிந்தால் சுத்தமான தண்ணீரில் கழுவி, துணி கட்டி, மறுநாளுக்குள் ஹெல்த் சென்டர் போகணும். மஞ்சளோ காப்பித்தூளோ வைக்கவே கூடாது.

மோக்கா அக்கா: தைப்பூசக் காவடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே அப்போது கோடை, வெயிலில் தார் ரோடு கொதிக்கும். மரத்த காலில் கொப்புளம் வந்தாலும் உணர்வு இருக்காது. அப்படிப்பட்டவர்கள் செருப்பில்லாமல் நடக்க வேண்டாம். இன்சுலினோ, கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் விரதம் தொடங்கும்முன் டாக்டரிடம் அளவைக் கேட்க வேண்டும். சாப்பாடு குறைந்து மருந்து குறையாவிட்டால் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரும்.