அடர்த்திக் கணக்கு: விடைத்தாளில் தென்படும் தவறுகள்

முதலில் அடிவாங்குவது அலகுதான். அலுமினியக் கட்டி, 10 × 5 × 4 செ.மீ, நிறை 540 கிராம். கனஅளவு 200 கன செ.மீ. 540 ÷ 200 = 2.7 கிராம்/கன செ.மீ. இதுவரை தகராறே இல்லை. அதையே கி.கி/கன மீட்டரில் கேட்டால் பல தாள்களில் 0.27 என்று இருக்கும். கிராமைக் கிலோவாக்க 1000-ஆல் வகுத்துவிட்டு, 1 மீட்டருக்கு 100 செ.மீ என்ற நினைப்பில் 100-ஆல் பெருக்கியிருப்பார்கள். நீளத்துக்கு 100 என்றால் கனஅளவுக்கு 100 × 100 × 100, அதாவது 10 லட்சம். 10 லட்சத்தால் பெருக்கி 1000-ஆல் வகுக்க, விடை 2700. காற்றே கன மீட்டருக்குச் சுமார் 1.2 கி.கி. 0.27 என்றால் கட்டி பலூன் மாதிரி மேலே போயிருக்கும்!

—

கோளம் வந்தால் விட்டத்தைப் பாருங்கள். எஃகு குண்டு, விட்டம் 2 செ.மீ, நிறை 32.7 கிராம். ஆரம் 1, கனஅளவு 4.19; அடர்த்தி 7.8. ஆரத்தின் இடத்தில் 2 போட்டால் கனஅளவு 8 மடங்காகி 0.98 வரும். எஃகு தண்ணீரில் மிதக்கிறது.

—

கல்லை நீரில் அமிழ்த்தும் கணக்கு: நீர்மட்டம் 50-இலிருந்து 62 மி.லி ஆகிறது, கல் 31.2 கிராம். வகுக்க வேண்டியது 12-ஆல்; 62-ஆல் அல்ல. விடை 2.6.

செய்முறையில் கல்லை நனைக்கும் முன்பே எடை போடுங்கள். ஈரக் கல்லை நிறுத்தால் அடர்த்தி கூடும். கல்லில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் குறையும். அளவு உருளையில் நீரின் மேற்பரப்பு நடுவில் சற்றுக் குழிந்து வளைந்திருக்கும்; நீர்மட்டத்தை அந்த வளைவின் அடியில் கண்ணை நேராக வைத்துப் படிக்க வேண்டும். இரண்டு முறையும் வளைவின் மேல்விளிம்பையே படித்தால்கூடக் கழிக்கும்போது பிழை பெரும்பாலும் அடிபட்டுப்போகும். ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே என்றால்தான் வம்பு. திரவத்தின் அடர்த்தியைக் காணும்போது இந்தச் சலுகை கிடையாது, அங்கே ஒரே அளவீடுதானே.

—

கலவைக் கணக்கிலும் தவறு வரும். அடர்த்தி 2 உள்ள பொருள் 80 கிராம், 8 உள்ளது 80 கிராம். சராசரி 5 என்று எழுதினால் தவறு. கனஅளவுகள் 40, 10, மொத்தம் 50. 160 ÷ 50 = 3.2. கனஅளவுகள் சமமாக இருந்தால் மட்டுமே 5 சரி. வினாவில் 'சம நிறை' என்றிருக்கிறதா, 'சம கனஅளவு' என்றிருக்கிறதா என்று பார்த்து அடிக்கோடிட்ட பிறகு பேனாவை ஓட்டுங்கள்.