மூடி இல்லாத வாறுகால் எப்படிவே சீவர் ஆகும்?

வாகையடி முக்கு:
நேத்து இங்க ஒரு மேதாவி எழுதியிருக்காரு. செப்டிக் டேங்க்ல இருந்து தெருவோரம் திறந்து ஓடுத சாக்கடைக்கு, அதான் வாறுகாலுக்கு, பைப் விட்டா, அது சீவர்ல கழிவு விடுத குத்தமாம். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. சீவர்னா பாதாள சாக்கடைவே. மேல வட்டமா இரும்பு மூடி இருக்கும். என் வீட்டு முன்னால ஓடுத வாறுகாலுக்கு எங்க இருக்கு மூடி?

பாளைக்காரன்:
அந்த மேதாவி நான்தான் அண்ணாச்சி, பேரைச் சொல்லியே திட்டும். 1974 நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 2ஆம் பிரிவு. கழிவுநீர் போற குழாயோ வாய்க்காலோ, திறந்து கெடந்தாலும் மூடிக் கெடந்தாலும் சீவர்தான். திறந்த வாறுகால்ல ஓடுத குளிச்ச தண்ணி, பாத்திரம் கழுவுன தண்ணியும் கழிவுநீர்க் கணக்குலதான் வருது.

வாகையடி முக்கு:
டெல்லில உக்காந்து எழுதுனவன் நம்ம திருநெல்வேலி வாகையடி முக்குல நின்னு வாறுகாலைப் பாத்தானா? நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. மூடி இருக்கா, இல்லையா?

கொக்கிரகுளம்:
மூடிய விடுங்க ரெண்டு பேரும். அதே சட்டத்துல 24ஆம் பிரிவைப் பாருங்க. ஓடை, கிணறு, சீவர், நிலம், இதுல எதுலயும் தெரிஞ்சே மாசு விடக்கூடாது. வெறுந்தரையில விட்டாலே குத்தம். பொறவு எதுக்கு மூடி?

வாகையடி முக்கு:
பாத்தீரா, இவரும் மூடி இருக்குன்னு சொல்லல.

மேலப்பாளையம் மச்சான்:
எங்க வீட்டுக்குப் பின்னால பாளையங்கால்வாய். பழவூர் அணைக்கட்டுல கிளம்பும்போது ஆத்துத் தண்ணி. இங்க வந்து சேரும்போது படித்துறையை ஒட்டியே நாலு இஞ்ச் பைப்பு எட்டிப் பாக்கு. காலையில சோப்பு நுரை, மத்தியானம் எண்ணெய் மிதக்கும். பைப்பு வாயில சாம்பல் கலர்ல முடி மாதிரி ஒண்ணு படிஞ்சு ஆடிக்கிட்டே இருக்கும், கையால தொட்டா வழுக்கும். அந்தத் தண்ணிதான் கீழ வயலுக்குப் பாயுது. வந்து பாத்துட்டு மூடி தேடும்.

வாகையடி முக்கு:
தம்பி, அது கால்வாய். வாறுகால் வேற, கால்வாய் வேற. அதுவும் பிசான நெல்லு அறுத்த பொறவு அந்தக் கால்வாய் காஞ்சுல்லா கெடக்கும்? காஞ்ச கால்வாய்ல என்னத்த மாசு?

பாளைக்காரன்:
காஞ்சு கெடக்குத நீர்வழியும் ‘ஓடை’தான்னு சட்டமே சொல்லுது. இதையும் டெல்லிக்காரன் எழுதுனதுன்னு தள்ளிருவீரா?

வாகையடி முக்கு:
தள்ளத்தான் செய்வேன். பாளைக்காரனுக்கு எப்பவும் டவுன்காரனைக் குத்தம் சொன்னாத்தான் சோறு எறங்கும். நயினார்குளத்துல அமலைச்செடி, அதான் ஆகாயத்தாமரை, மண்டிக் கெடந்ததுக்கு, டவுன்காரங்க சாக்கடை விட்டதுதான் காரணம்னு எழுதுனவரு நீருதான? மறக்கல வே.

பாளைக்காரன்:
சாக்கடை போய்ச் சேந்தா செடி மண்டாம என்ன செய்யும்? அன்னைக்கும் இதே மாதிரி ஒத்த வார்த்தையப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டுக் கெடந்தீரு.

நெல்லையான் சென்னை:
நண்பர்களே, சண்டை எதுக்கு? சுத்திகரிச்சு வெளிய விடுத தண்ணியில பி.ஓ.டி., அதாவது அதுல உள்ள அழுக்கைக் கிருமிங்க சிதைக்கத் தேவைப்படுத ஆக்சிஜன், எவ்வளவுங்கிறதுதான் முக்கியம். மத்திய அரசோட 2017 அறிவிக்கைப்படி நம்மூர் மாதிரி ஊருக்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை போகலாம்.

கொக்கிரகுளம்:
2019லயே பசுமைத் தீர்ப்பாயம் 10-க்குக் கொண்டு வரச் சொல்லியாச்சு. பழைய பஞ்சாங்கத்தை வச்சுக்கிட்டு பாடம் எடுக்காதீங்க. அதுவும் போக, அந்தக் கணக்கு ராமையன்பட்டி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேருத கழிவுநீருக்கு. வாறுகால் வழியா நேரா ஆத்துல விழுததை யாரு அளக்கா?

வாகையடி முக்கு:
ஓ.எம்.ஆர்ல லாரித் தண்ணி வாங்கிக் குளிக்கவரு தாமிரபரணிக்கு அளவு சொல்ல வந்துட்டாரு!

நெல்லையான் சென்னை:
நான் பொறந்தது சிந்துபூந்துறை. நீங்க பொறக்கும் முன்னாலயே அந்தப் படித்துறையில குளிச்சவன்.

வாகையடி முக்கு:
சோப்பு போட்டா, போடாமயா?

மேலப்பாளையம் மச்சான்:
மூடி மூடின்னு நிக்கீரே அண்ணாச்சி, மூடி உள்ள சாக்கடை மட்டும் ஒழுங்கா இருக்காக்கும்? ரோட்டு மட்டத்துக்கு மேல அரையடி தூக்கிக்கிட்டு நிக்கி, பைக்ல போறவன் இடுப்பு ஒடியுது.

வாகையடி முக்கு:
இதுதான் தம்பி சரியான பேச்சு. சீவர்னா இடுப்பை ஒடிக்கணும். எங்க வாறுகால் இதுவரைக்கும் ஒருத்தன் இடுப்பையும் ஒடிச்சதில்ல.

பாளைக்காரன்:
இவருகிட்டப் பேசுததுக்கு சுலோச்சன முதலியார் பாலத்துல நின்னு ஆத்தைப் பாத்துக்கிட்டு இருக்கலாம்.

வாகையடி முக்கு:
பாரும். மேற்க பாத்தா டவுன், கெழக்க பாத்தா பாளை. எந்தப் பக்கத்துக் கழிவு கூடுதலா வருதுன்னு எண்ணிட்டு வந்து சொல்லும்.

கொக்கிரகுளம்:
சவத்த விடுங்க. எங்க டேங்க் நிறைஞ்சு நாறுது. செப்டிக் லாரிக்காரரு யாரும் தெரிஞ்சா சொல்லுங்க.

பாளைக்காரன்:
உரிமம் உள்ள வண்டியாக் கூப்பிடுங்க. சுத்திகரிப்பு நிலையத்துலதான் கொட்டணும், எங்க கொட்டுதான்னு கேட்டு வச்சுக்கோங்க. குழிக்குள்ள ஆளை எறக்க விட்டுராதீங்க, கையால மலம் அள்ளுததைத் தடுக்குத 2013 சட்டப்படி அது ஜெயிலு.

வாகையடி முக்கு:
ஆரம்பிச்சிட்டாருய்யா அடுத்த சட்டத்த. கொக்கிரகுளத்தாரே, எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் வண்டி வச்சிருக்கான், நம்பர் தனியா அனுப்புதேன். உரிமம் கிரிமம்லாம் அவன்கிட்டக் கேக்காதீரு, கோவக்காரன்.

பாளைக்காரன்:
அப்ப அவன் எங்க கொட்டுதான்?

வாகையடி முக்கு:
அதை அவன்கிட்டக் கேளும். எனக்கு என்ன தெரியும்?